10 லிட்டர் கேனா, 10-லிட்டர் கேனா? அளவுச் சொற்களை எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருந்தபடி சிறு தேயிலை விவசாயிகளுக்கும் தேயிலை பேக்டரிகளுக்கும் தமிழில் வழிகாட்டிக் குறிப்புகள் எழுதித் தருகிறேன். மருந்து அடிக்கும் முறை, உரக் கணக்கு, இயந்திரத்தைக் கழுவும் முறை, சுவரில் மாட்டும் எச்சரிக்கைப் பலகை எல்லாம் இதில் வரும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒன்று கேட்பார்கள்: எண்ணும் அலகும் சேர்ந்து ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் வந்தால் நடுவில் சிறுகோடு போட வேண்டுமா? அதற்கும், அதன் பின்னாலேயே வரும் மற்ற கேள்விகளுக்கும் நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இந்தச் சிறுகோடு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலக் கையேடுகளிலிருந்து. நமக்கு வரும் தெளிப்பான், மோட்டார், எடை மெஷின் எல்லாவற்றுக்கும் மூலக் கையேடு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘டென் லிட்டர் கேன்ஸ்’ என்று கோடு இல்லாமல் எழுதினால், ஒரு லிட்டர் கேன் பத்தா, பத்து லிட்டர் பிடிக்கும் கேன்களா என்று தெரியாது. பத்தையும் லிட்டரையும் கோட்டால் கட்டிவிட்டால் அது கேனின் அளவு என்று புரிந்துவிடும். அந்த மொழிக்கு அது தேவையான கருவி. மொழிபெயர்க்கிறவர்கள் சொற்களோடு கோட்டையும் சேர்த்துத் தூக்கி வந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியென்றால் தமிழில் அது தேவையே இல்லையா?

பொருளின் பெயருக்கு முன்னால் வரும் அளவுக்குத் தேவையில்லை. தமிழ் அந்த முடிச்சை வேறு விதமாகப் போடுகிறது, அதுவும் நெடுங்காலமாக.

‘எட்டு முழ வேட்டி’ என்று சொல்கிறோம். முழம் என்பதன் கடைசி ‘ம்’ எங்கே போனது? அது விழுந்ததால்தான் எட்டு முழம் என்பது வேட்டியோடு ஒட்டுகிறது. ‘எட்டு முழம் வேட்டி’ என்றால் துணியை அளந்து வாங்குகிற மாதிரி இருக்கிறது. ‘எட்டு முழ வேட்டி’ என்றால் அது வேட்டியில் ஒரு வகை. ‘ஒன்பது கஜப் புடவை’யில் ‘ம்’ விழுந்து ‘ப்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஐந்தாண்டுத் திட்டம்’ என்பதில் உள்ள ‘த்’ செய்கிற வேலையைத்தான் ஆங்கிலத்தில் கோடு செய்கிறது.

எனவே மகரத்தில் முடியும் அளவுச் சொற்களில் ‘ம்’மை எடுத்துவிடுங்கள், அடுத்து வல்லினம் வந்தால் ஒற்றுப் போடுங்கள்: 3 அங்குலக் குழாய், 3 மாதக் கன்று, 2 வாரப் பயிற்சி, 60 செ.மீ. உயரக் கவாத்து. ‘அடி’க்கும் ஒற்று உண்டு: 6 அடிக் குழாய். எழுத்தால் எழுதினால் இன்னும் இறுகி ‘ஆறடிக் குழாய்’ ஆகிவிடும். அந்த ஒற்றை விட்டுவிட்டுக் கோடு போடுவது, வீட்டில் சாவி இருக்கும்போது பூட்டை உடைப்பது போல.

லிட்டர், மீட்டர், கிலோ போன்ற சொற்களுக்கும் ஒற்று வர வேண்டுமா?

பள்ளியில் ‘தண்ணீர்க் குடம்’ படித்திருப்பீர்கள். தண்ணீரை உடைய குடம் என்பதில் ‘ஐ’ உருபும் ‘உடைய’ என்ற சொல்லும் மறைந்து நிற்கின்றன. உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பது அதன் பெயர். அங்கே வல்லினம் மிகும். அந்தக் கணக்கில் பார்த்தால் ‘10 லிட்டர்க் கேன்’ என்றுதான் எழுத வேண்டும் என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் வாதிட்டிருக்கிறார். இலக்கணப்படி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் நான் ‘10 லிட்டர் கேன்’ என்றுதான் எழுதுகிறேன். கடையில், பேக்டரியில், பஸ்ஸில் எல்லோர் கண்ணுக்கும் பழகிய வடிவம் அது. மருந்துக் குறிப்பைப் படிக்கிறவர் ‘லிட்டர்க்’ என்ற இடத்தில் ஒரு நொடி தடுக்கி நின்றாலும் எனக்கு நஷ்டம்தான். வந்த சொற்களுக்கு ஒற்று வேண்டாம், நம் சொற்களுக்கு ஒற்றை விட வேண்டாம் என்பது என் வழக்கம். சுருக்கக் குறிக்குப் பின்னால் எப்போதும் ஒற்று வராது: 60 செ.மீ. குழாய்.

‘இரண்டு நாட்கள் முகாம்’ சரியா?

இல்லை. ‘இரண்டு நாள் முகாம்’. அளவு அடைமொழியாக வரும்போது பன்மை விகுதி ஒட்டாது. ‘மூன்று வாரங்கள் பயிற்சி’ என்று பலகைகளில் பார்க்கிறேன், ‘மூன்று வாரப் பயிற்சி’ என்றால் போதும். ‘பயிற்சி மூன்று வாரங்கள் நடக்கும்’ என்று பின்னால் வரும்போது பன்மை தாராளமாக வரலாம்.

எண்ணிக்கையும் அளவும் அடுத்தடுத்து வந்தால்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய உரக் குறிப்பு ஒன்றில் ‘2 50 கிலோ மூட்டை டோலமைட்’ என்று இருந்தது. ஐம்பது கிலோ மூட்டை இரண்டு என்பது பொருள். நான் தட்டும்போது நடுவில் இடைவெளி இருந்தது. அச்சுக்குப் போன இடத்தில் வரியை ஒழுங்கு செய்தபோது அந்த இடைவெளி காணாமல் போய், துண்டுப் பிரசுரத்தில் ‘250 கிலோ மூட்டை டோலமைட்’ என்று வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு ஓர் அம்மா உரக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் படித்துவிட்டு, “250 கிலோவுல மூட்டையே கிடையாதும்மா, எழுதினவங்களையே கேளுங்க” என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மா வந்து சொன்னதால்தான் எனக்கே தெரிந்தது.

இதைச் சின்ன அச்சுப் பிழை என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தேயிலைக்குப் புளிப்பான மண் வேண்டும், பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. டோலமைட் அந்தப் புளிப்பைக் குறைக்கும். 100 கிலோ போட வேண்டிய நிலத்தில் 250 கிலோ கொட்டினால் திரும்ப எடுக்கவா முடியும்? மீதிப் பிரதிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி, வரியைத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

இதைத் தடுக்கும் வழி நம் பேச்சிலேயே இருக்கிறது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பால் வாங்குகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனியுங்கள்: “அரை லிட்டர் பாக்கெட் நாலு கொடுங்க.” அளவு முன்னால், பொருள் நடுவில், எண்ணிக்கை கடைசியில். இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று தொடவே இல்லை. ஆங்கிலத்தில் எண்ணிக்கை முன்னால்தான் வர வேண்டும், அதனால் அவர்களுக்குக் கோடு தேவைப்படுகிறது. தமிழில் எண்ணிக்கை பின்னால் போய் நிற்கும். எனவே:

50 கிலோ மூட்டை 2.
6 மீட்டர் குழாய் 12.
1 லிட்டர் பாட்டில் 10.

வாக்கியத்துக்குள் வந்தால் ‘50 கிலோ மூட்டைகள் இரண்டு’ என்று எண்ணிக்கையை எழுத்தால் எழுதிவிடுங்கள். வேலை முடிந்தது.

‘10 சதுர மீட்டர்’, ‘10 மீட்டர் சதுரம்’ இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றில்லை, பத்து மடங்கு வித்தியாசம். 10 சதுர மீட்டர் என்பது பரப்பு. 10 மீட்டர் சதுரம் என்பது பக்கத்துக்குப் பத்து மீட்டர் உள்ள சதுரம், அதன் பரப்பு 100 சதுர மீட்டர். நாற்றங்கால் பாத்திக்கு நிழல்வலை வாங்கும்போது இந்தக் குழப்பம் வரும். குறிப்பில் பரப்பு வேண்டுமென்றால் ‘10 சதுர மீட்டர் வலை’ என்றும், பக்க அளவு வேண்டுமென்றால் ‘பக்கத்துக்கு 10 மீட்டர்’ என்றும் விரித்து எழுதுங்கள். இங்கே எந்தக் கோடும் உதவாது.

எண் ஒரு வரியிலும் அலகு அடுத்த வரியிலும் விழுந்துவிடுகிறதே?

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெரியவர் நான் எழுதிய தாளைப் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்திப் படித்தார். இடது கையில் மருந்து பாட்டிலின் மூடி. ‘ஒரு டேங்குக்கு 20’ என்று வரி முடிந்தது. விரலும் நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இருபது மூடியா தம்பி?” என்று கேட்டார். ‘மில்லி’ அடுத்த வரியின் தொடக்கத்தில் இருந்தது.

அன்றிலிருந்து எண்ணையும் அலகையும் பிரிய விடுவதில்லை. வேர்டில் எண்ணுக்குப் பிறகு சாதாரண ஸ்பேஸ் தட்டாமல் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்துத் தட்டுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும், ஆனால் வரி அங்கே உடையாது. லிப்ரே ஆபீஸிலும் இதே விசைகள்தான். அச்சகத்துக்குக் கொடுத்த பிறகு ஒரு பிரதி வாங்கி வரிகளின் வலது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே ஒரு முறை பாருங்கள். தனியாக நிற்கும் எண் உடனே கண்ணில் படும்.

சிலர் இதற்காகவே கோடு போடுவதாகச் சொல்கிறார்கள். சாதாரணக் கோடு வரியை உடையவிடாமல் காக்காது. ‘20-’ என்று வரி முடிந்து, ‘மில்லி’ கீழே போய்விடும். முன்பைவிட மோசம்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் ‘5-10 மில்லி’ என்று போடலாமா?

படித்தவர்களுக்கான அட்டவணையில் போடலாம். தோட்டத்துக்குப் போகும் குறிப்பில் ‘5 முதல் 10 மில்லி வரை’ என்றே எழுதுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது எல்லோரும் அப்படித்தான் படிப்பார்கள்.

வெப்பநிலையில் இது கட்டாயம். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் குறைந்தபட்ச வெப்பநிலை சில இடங்களில் பூஜ்யத்துக்குக் கீழே போகும். ‘-2-3 டிகிரி’ என்று எழுதினால் அது மைனஸ் இரண்டு முதல் மூன்று வரையா, மைனஸ் இரண்டு முதல் மைனஸ் மூன்று வரையா? ‘மைனஸ் 2 முதல் பிளஸ் 3 டிகிரி வரை’ என்றோ ‘மைனஸ் 2 முதல் மைனஸ் 3 டிகிரி வரை’ என்றோ எழுதினால் யாரும் கேட்க மாட்டார்கள். கோடும் கழித்தல் குறியும் தாளில் ஒரே மாதிரி இருப்பதால், எண்ணுக்குப் பக்கத்தில் தேவையில்லாமல் ஒரு கோட்டை வைப்பதற்கே எனக்கு மனம் வராது.

எங்கள் பேக்டரியில் ஆங்கிலப் பலகையும் நாங்களேதான் எழுதுகிறோம். அங்கே விதி என்ன?

பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வதேச எடை அளவுகள் அமைப்பு, மெட்ரிக் அலகுகளை எழுதும் முறை பற்றி ஒரு கையேடு வெளியிடுகிறது. அதில் இதற்குத் தெளிவான பதில் உண்டு. அலகைக் குறியீடாக எழுதினால், அது அடைமொழியாக வந்தாலும் எண்ணுக்கும் குறியீட்டுக்கும் நடுவில் இடைவெளி மட்டும்தான், கோடு கிடையாது. அலகின் பெயரை முழுதாக எழுதினால் அந்தந்த மொழியின் இலக்கணப்படி போகலாம், ஆங்கிலத்தில் அப்போது கோடு வரும். அந்தக் கையேடு காட்டும் உதாரணங்களில் ஒன்று 35 மில்லிமீட்டர் ஃபிலிம்.

அந்த உதாரணத்தைப் படித்தபோது எனக்கு ஊட்டி ஞாபகம்தான் வந்தது. 1960-இல் தொடங்கி, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. அது மூடப்பட்டுவிட்டாலும் அந்தப் பகுதி இன்றும் இந்து நகர்தான். ‘முப்பத்தைந்து எம்.எம். ஃபிலிம்’ என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது, யார் வாயிலும் கோடு இருந்ததில்லை. ஆங்கிலத்தில் எழுதினால், முழுச் சொல்லாக ‘மில்லிமீட்டர்’ என்றால் கோடு, இரண்டு எழுத்துக் குறியீடு என்றால் வெறும் இடைவெளி.

செல்சியஸ் குறிக்கு முன்னாலும் இடைவெளி வேண்டும். கோணத்துக்கான டிகிரிக் குறி மட்டும் எண்ணோடு ஒட்டி நிற்கும்.

நீளம், அகலம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால்?

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஆங்கிலத்தில் இதைப் பெயருக்கு முன்னால் அடுக்கினால் நாலு கோடு வேண்டும். தமிழில் ‘530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி’. ‘உம்’ இரண்டும் ‘கொண்ட’ ஒன்றும் போதும், எது நீளம் எது அகலம் என்பதில் சந்தேகமே வராது. அதை ஏன் அந்த மலைச்சரிவில் கட்டினார்கள் என்பதும் ஓர் அளவுக் கதைதான். அந்தச் சரிவு வடக்கு தெற்காக ஏறக்குறைய 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதே 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது, ஒரே அச்சில் திருப்பி வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது.

அட்டவணையில் இடம் இல்லையென்றால் பெருக்கல் குறி போடுங்கள், அலகை இரண்டு பக்கமும் எழுதுங்கள். தேயிலை நடவில் ஒற்றை வரிசை முறைக்கு 120 செ.மீ. × 75 செ.மீ. இடைவெளி சொல்வார்கள். ‘120-75 செ.மீ.’ என்று எழுதினால் 75-இலிருந்து 120 வரை எப்படி வேண்டுமானாலும் நடலாம் என்று படிக்க இடம் இருக்கிறது.

சுருக்கமாக எழுதலாமா, முழுதாக எழுத வேண்டுமா?

‘மி’யும் ‘மீ’யும் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன. மங்கிய அச்சில் ‘மி.மீ.’யைப் படித்துப் பாருங்கள். ‘மி.லி.’யில் ‘மி.’ அழிந்தால் லிட்டராகிவிடும். மருந்து அளவுகளில் நான் சுருக்குவதே இல்லை, ‘மில்லி’ என்று எழுதிவிடுவேன். எல்லோரும் பேசும் சொல் அது. ‘கி.’ என்று தனியாக எங்கும் வேண்டாம், கிராமா கிலோவா என்று யாருக்குத் தெரியும்?

வேற்றுமை உருபு சேரும்போது?

உருபு அலகோடு சேரட்டும்: 5 கிலோவுக்கு, 10 லிட்டரில். ‘5 கி.மீ.-க்கு’ என்று எழுதுவதைவிட ‘5 கிலோமீட்டருக்கு’ என்பது படிக்க எளிது.

‘5- மற்றும் 10-லிட்டர் கேன்கள்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இது தமிழா?

தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் முதல் எண்ணுக்குப் பின்னால் கோட்டைத் தொங்கவிட்டு, அலகு பின்னால் வருகிறது என்று காட்டுவார்கள். நமக்கு ‘5 லிட்டர், 10 லிட்டர் கேன்கள்’ என்று திருப்பிச் சொல்வதில் எந்தக் கூச்சமும் இல்லை.

அப்படியானால் எண்ணுக்குப் பக்கத்தில் கோடு எங்கேதான் வரும்?

எண்ணோடு நேரடியாக உருபு சேரும் இடத்தில் வரும்: 1908-இல் மலை ரயில் ஊட்டி வரை வந்தது. ‘1908இல்’ என்று ஒட்டி எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரி, ஒரே தாளில் இரண்டையும் கலக்க வேண்டாம். விகிதத்திலும் வரும்: கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரப் பாதையில் ரயில் ஏறும் சரிவை ‘12-க்கு 1’ என்று எழுதலாம், 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறுகிறது என்று பொருள். அதே ரயில் ஓடும் ‘மீட்டர் கேஜ்’ பாதைக்குக் கோடு வேண்டாம், ‘46 கி.மீ. மலைப்பாதை’க்கும் வேண்டாம்.

ஏற்கெனவே கோடு போட்டு எழுதிய பலகைகளை அழித்து எழுத வேண்டுமா?

‘10-லிட்டர் கேன்’ என்று சுவரில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அடுத்த முறை பெயிண்ட் அடிக்கும்போது மாற்றிக்கொள்ளலாம். மருந்து, உரம், வெப்பநிலை இந்த மூன்றும் உள்ள பலகைகளை மட்டும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் கோடோ, இரண்டு எண்கள் அடுத்தடுத்தோ இருந்தால் அதன்மேல் ஒரு தாளை ஒட்டிச் சரியாக எழுதிவிட்டு, பேக்டரியில் படிக்கத் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கி நிற்கும் இடத்தைத் திருத்துங்கள்.